அசலூர் ஆதரவாளர்

தமிழில் 'அசல்' என்னும் சொல் இரண்டு. ஒன்று அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது. கலப்பற்றது, மூலப்படி, வட்டி சேராத முதல் என்று பொருள்படுவது. மற்றொன்று 'அயல்' என்பதன் திரிபு; அடுத்த வீட்டை அசல் வீடு என்றும் பிற ஊரை அசலூர் என்றும் கூறும் வழக்கில் இன்றும் உள்ளது. ஒலியால் ஒன்றாகிவிட்ட இவ்விரு சொற்களும் பொருளால் எதிரெதிரே நிற்கின்றன. மூணாற்றில் நடைபெறும் ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டியைக் காண்பதற்காகப் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி வரும் ஒரு முதியவரைச் சுட்டுவதற்கு இந்த இரண்டு அசலும் தேவைப்படுகின்றன.

அவர் பெயரும் அவர் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. மூணாற்றில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொன்னால் ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும். 38 ஆண்டுகள் அவர் ஒரே தோட்டத்தில் வேலை செய்தார் என்பதும், இளமையில் அத்தோட்ட அணியின் இடப்புற முன்னாட்டக்காரராக நான்கு ஆண்டுகள் ஆடினார் என்பதும், 58 வயதில் ஓய்வு பெற்றுக் கீழே இறங்கினார் என்பதும் போதும். போட்டி நாட்களில் ஒருமுறையாவது மேலே வந்துவிடுவார். புறப்படும்போது மனைவியிடம் அவர் சொல்வது ஒரே தொடர்தான்: "ஊருக்குப் போயிட்டு வந்துர்றேன்." அவர் சொந்தமாகக் கட்டிய வீடு போடியில் இருக்கிறது. குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் அந்த முகவரியில்தான் இருக்கின்றன. எனினும் 'ஊர்' என்பது அவர் பேச்சில் போடிமெட்டின் 17 கொண்டைஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது.

ஃபின்லே கேடயப் போட்டி 1941 இல் தொடங்கியது. கேடயத்துக்குப் பெயர் தந்தது ஜேம்ஸ் ஃபின்லே என்னும் கிளாஸ்கோ வணிக நிறுவனம். 1750 இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் முதலில் பருத்தியில் பொருளீட்டியது. ஸ்காட்லாந்தின் கேட்ரின், டீன்ஸ்டன் ஆகிய சிற்றூர்களில் அதன் நூற்பாலைகள் இயங்கின. பின்னர் தேயிலைக்கு வந்தது. பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877 இல் பெற்ற கண்ணன் தேவன் மலைகள் சில கைகள் மாறி, 1897 இல் உருவான கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனியின் வழியே அந்நிறுவனத்தின் ஆளுகைக்குள் வந்தன. 1980களில் ஃபின்லே விலக, டாட்டா டீ நிறுவனம் தோட்டங்களை நடத்தியது. 2005 இல் தொழிலாளரையும் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்ட இன்றைய நிறுவனம் பிறந்தது. உரிமையாளர் பெயர்கள் இவ்வளவு மாறியும் கேடயத்தின் பெயர் மாறவில்லை. மலைமக்களுக்கு அது இன்றும் 'பின்லே'தான். 'பின்லே பாக்கப் போறோம்' என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கிளாஸ்கோவில் ஒரு குடும்பத்தின் பெயராக இருந்தது மூணாற்றுத் தமிழில் ஒரு திருவிழாவின் பெயராகிவிட்டது.

தோட்டத்துக்கு ஓர் அணி. செண்டுவரை, குண்டுமலை, பெரியவரை, வாகுவரை, நயமக்காடு, கன்னிமலை, லெட்சுமி, சொக்கநாடு என்று அணிகளின் பெயர்களை வாசித்தாலே மலையின் வரைபடம் விரிந்துவிடும். 'வரை' என்பது மலையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சமவெளியின் பேச்சுத்தமிழில் வழக்கொழிந்த இச்சொல், துரைமாரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'வுர்ரை' என்று படிக்கும்படி நெளிந்து போனாலும், ஆட்டக்காரர்களின் முதுகில் ஏறி ஆண்டுக்கொருமுறை மைதானத்தில் ஓடுகிறது. பந்து என்றும் பொருள்தரும் 'செண்டு' என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய அணியும் அவற்றுள் ஒன்று.

கிளாஸ்கோவில் கால்பந்து பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சொந்த அணியின் ஆதரவாளர்க்கு ஒரு பகுதி. வந்த அணியின் ஆதரவாளர்க்கு மற்றொரு பகுதி. வந்தவர்க்குத் தனி வாயில், தனி நுழைவுச்சீட்டு, நடுவே காவலர் வரிசை. 1980 மே 10 அன்று ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகளின் ஆதரவாளர்கள் ஆட்டம் முடிந்ததும் களத்துக்குள் இறங்கி மோதிக்கொண்டனர். அதன்பின் ஸ்காட்லாந்து மைதானங்களில் மது தடைசெய்யப்பட்டது. அவ்விரு அணிகளும் மோதும்போது வந்த அணிக்கு ஏறத்தாழ 7,000 இருக்கைகள் ஒதுக்கப்பட்டு வந்தன. 2018 இல் அது 800 என்ற அளவுக்குச் சுருங்கியது. அசலூர் ஆதரவாளர் என்பவர் அங்கே எண்ணப்பட்டவர், அடைக்கப்பட்டவர். ஆனால் அவருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் அவர் தம் ஊருக்குத் திரும்பலாம். அடுத்த வாரம் அதே அணி அவர் ஊரில் ஆடும். அன்று அவர் சொந்தக்காரர். எதிரே இருப்பவர் அசலூரார். வந்தவர் என்னும் நிலை அங்கே மாறிமாறி வருவது.

பழைய மூணாற்று மைதானத்தில் அப்படிப்பட்ட வேலி இல்லை. தோட்டத்து ஜீப்புகளும் லாரிகளும் வந்து நிற்குமிடத்தை ஒட்டி அந்தந்தத் தோட்டத்தார் கூடுகிறார்கள். அவ்வளவே பிரிவினை. எந்த அணிக்கும் அது சொந்த மைதானம் அன்று. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்களே. இந்தப் பொதுத்தன்மையில் ஓர் இனிமை இருக்கிறது. ஆனால் எந்த ஜீப்பில் வந்தீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். அந்த ஆண்டு முதியவர் வந்தது எதிரணியின் ஜீப்பில்.

காரணம் எளியது. அவருடைய தோட்டத்தில் அவர் தங்குவதற்கு வீடு இல்லை. தோட்டத் தொழிலாளர்க்கு நிர்வாகமே குடியிருப்பு தர வேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. லயம் என்று வழங்கும் வரிசை வீடுகள் அவ்வாறு வாழ்ந்து வந்தவை. வேலை இருக்கும்வரை வீடு. குடும்பத்தில் ஒருவராவது வேலையில் தொடர்ந்தால் வீடும் தொடரும். முதியவரின் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். தோட்ட வேலைக்குத் திரும்புமாறு மகனைக் கேட்கத் தந்தைக்கும் மனமில்லை. ஆகவே ஓய்வுக்குப் பின் லயத்தைக் காலி செய்தார். அவர் பிறந்ததும் அதே லயத்தில்தான். தாயின் பேறுகாலத்தில் கூரைத் தகரத்தில் மழை விழுந்த ஓசையைப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறார். இப்போது அவ்வீட்டில் வேறொரு குடும்பம் வாழ்கிறது. மகள் வேறொரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள்; அங்கே கொழுந்தெடுக்கிறாள். மலைக்கு வந்தால் முதியவர் தங்குவது அவள் வீட்டில். அந்தத் தோட்ட அணியின் பின்னாட்டக்காரர்களுள் ஒருவன் அவளுடைய மகன்.

மைதானத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஹைரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடச் சுவரில் பழைய தொப்பிகள் வரிசையாகத் தொங்குகின்றன. முப்பது ஆண்டுகள் இம்மலையில் கழித்த துரைமார் விட்டுச்சென்றவை அவை. அவர்கள் ஸ்காட்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ திரும்பினார்கள், சிலர் இங்கேயே அடக்கமானார்கள், தொப்பிகள் தங்கின. 38 ஆண்டுகள் கழித்தவரின் தலைத்துணியை எந்தச் சுவரும் கேட்கவில்லை. இது குறித்து அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே இல்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவருடைய பழைய தோட்டத்தார் அவரைக் கண்டுகொண்டார்கள். "என்னா மாமா, கட்சி மாறிட்டீகளா?" என்றான் ஒருவன். "மாறலப்பா. வண்டிதான் மாறிருச்சு" என்றார். சிரிப்பு எழுந்தது. அங்கே போய் உட்காரலாமா என்று ஒரு கணம் தயங்கினார். பேரன் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தான். அவர் மகளின் அருகிலேயே உட்கார்ந்தார்.

மைதானத்தில் எழும் தமிழைக் கேட்பதே ஒரு கல்வி. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் எனப் பல சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களின் பேச்சு, நான்கைந்து தலைமுறைகளில் ஒன்றோடொன்று உரசி, மலைக்கே உரிய ஒரு வழக்காகியிருக்கிறது. அதில் பெரட்டு உண்டு, அது 'பரேடு'. ரைட்டர், கண்டக்டர், டிவிஷன் எல்லாம் உண்டு. கோலி, பேக், கார்னர், ஃபவுல் ஆகியவையும் அதே வழியில் வந்து சேர்ந்தவை. ஆயினும் ஆட்டத்தின் மையச்செயலுக்கு மட்டும் இறக்குமதிச் சொல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஒருவர் கால் பந்தை மற்றொருவர் காலுக்கு அனுப்புவதற்கு மைதானம் முழுவதும் 'குடு' என்றே கத்துகிறது.

இதில் நினைத்துப் பார்க்க ஒன்று உண்டு. ஒருவரே பந்தைக் கொண்டோடுவதை விடுத்து, ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடும் முறையை வளர்த்தவர்கள் ஸ்காட்லாந்தியர். 1867 இல் தோன்றிய குவீன்ஸ் பார்க் அணி அதற்குப் பெயர்பெற்றது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த முதல் பன்னாட்டு ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர்கள் அவ்வணியினரே. அது கோலின்றி முடிந்தது. அந்நாட்டுத் துரைமாரின் ஆட்டம் இம்மலைக்கு வந்தபோது, 'கொடு' என்னும் சொல் இங்கே காத்திருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் பிரிக்கிறது. ஈ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பது. தா என்பது ஒத்தோனிடம் கேட்பது. கொடு என்பது உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்பது. பெரட்டுக்களத்தில் யார் யாரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பது வகுக்கப்பட்ட தோட்டத்தில், கொழுந்தெடுப்பவளின் மகன் ரைட்டரின் மகனைப் பார்த்து 'குடுறா' என்கிறான். அந்த 90 நிமிடங்களுக்கு எல்லோரும் உயர்ந்தோரின் வினையைப் பயன்படுத்துகிறார்கள்; யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பெண்களின் குரல் இன்னும் ஓங்கியது. 2015 செப்டம்பரில் 20 விழுக்காடு போனஸ் கேட்டு மூணாற்றுச் சாலையில் நாள்கணக்கில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்த பெண்களின் கூட்டம் இது. அந்தச் சாலையில் மகளும் உட்கார்ந்திருந்தாள். நடுவரைப் பற்றி அவள் சொல்லும் சொற்களை முதியவர் கேளாதவர்போல் இருந்தார்.

இடைவேளை வரை கோல் இல்லை. கட்டன்சாயாவும் பருப்புவடையும் வந்தன. கிளாஸ்கோவில் இடைவேளைக்கு இறைச்சிப் பணியாரமும் மாட்டிறைச்சிச் சாற்றுப் பானமும் வழக்கம் என்பர். இங்கே, அவர்கள் கொண்டுவந்து நட்ட செடியின் இலை. இரண்டாம் பாதியில் முதியவரின் பழைய தோட்டத்து இளைஞன் ஒருவன் இடப்புறமாகப் பந்தைக் கொண்டு வந்தான். இடப்புறம் அவர் ஆடிய இடம். பையனின் ஓட்டத்தை அவர் கால்கள் அறிந்திருந்தன போலும். உட்கார்ந்தபடியே அவருடைய வலது பாதம் மண்ணை உந்தியது. பெட்டிக்குள் பேரன் குறுக்கே பாய்ந்தான். இளைஞன் விழுந்தான். நடுவர் ஊதலை ஊதி, பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

மகளைச் சுற்றியிருந்தோர் கொதித்தனர். பந்தைத்தான் தட்டினான், காலைத் தொடவில்லை என்றனர். பந்து வலைக்குள் சென்றது. எதிர்ப்புறம் ஆரவாரம் எழுந்தது. அப்போதுதான் முதியவருக்கு, தாம் எழுந்து நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. இரு கைகளும் மேலே இருந்தன. ஜீப்பில் உடன் வந்தவர் அனைவரும் பார்த்துவிட்டனர். மகளும் பார்த்தாள். கைகளை அவர் இறக்கிய விதம், குளிருக்குப் போர்வையைச் சரிசெய்வது போலிருந்தது. யாரும் எதுவும் கூறவில்லை. சற்று நேரம் கழித்து மகள், தன் கையிலிருந்த டம்ளரை நீட்டி, "ஆறிப்போகுது, குடிங்கப்பா" என்றாள்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில், கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் போன்ற எல்லையூர்களிலும் தமிழர் வாழ்கின்றனர். 1956 இல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது அவ்வூர்களும், தேவிகுளம் பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. எல்லையோரத் தமிழர் என்று ஆய்வேடுகள் இருவரையும் ஒரே தலைப்பில் அடக்குவதுண்டு. ஆனால் சித்தூர்ச் சமவெளியில் ஒருவர் வேலையை விட்டால் வீடு அவரை விட்டு நீங்குவதில்லை. அங்கே எல்லையில் நிற்பது மொழி. மூணாற்றில் வசிப்பிடமே வேலையின் எல்லையில் நிற்கிறது. இங்கிருப்போர் ஓரிடத்தில் பிறந்து, ஓரிடத்தில் உழைத்து, ஓய்ந்தபின் மூதாதையர் கிளம்பிய திசையில் இறங்குகின்றனர்; அந்தத் திசையில் அவர்களை 'மலைக்காரவுக' என்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நயமக்காடு தோட்டத்தின் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டபோது, அவர்களுள் பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றில் இருந்தது. அங்கிருந்து உறவினர் வந்தனர். அடக்கம் மலையிலேயே நடந்தது. அவர்கள் எவ்வூரார் என்ற கேள்விக்கு அன்று மண் ஒரு விடை சொன்னது. உயிரோடிருப்போர்க்கு அவ்விடை எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே, மூணாற்று முதியவரின் அசலூர் நிலை கிளாஸ்கோ ஆதரவாளரின் நிலையிலிருந்து வேறுபடுகிறது. அவருக்கு அடுத்த வாரம் இல்லை. தம் அணி தம் ஊரில் ஆடும் நாள் வருமென்று அவர் காத்திருக்க முடியாது. அணி அதே அணி. அதன்மீது அவருக்குள்ள உரிமையும் குறையவில்லை. ஊர்தான் அவருக்கு வெளியே போய்விட்டது. இரண்டு 'அசல்'களும் அவரிடத்தில் ஒன்றாகத் தங்குவது இப்படித்தான். அத்தோட்டத்தின் கலப்பற்ற ஆதரவாளர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் பழைய தோட்டத்தார் அவரையே காட்டுவர். இரவு எங்கே தங்குகிறீர்கள் என்றால் அவர் அசல் தோட்டத்தைக் காட்டுவார்.

ஆட்டம் ஒன்றுக்குச் சுழி என்று முடிந்தது. திரும்பும்போது ஜீப்பில் பேரன் முன்னிருக்கையில் இருந்தான். தேயிலைச் சரிவுகளில் மஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. பின்னிருந்தோர் நடுவரை இன்னும் விட்டபாடில்லை. பேரன் திரும்பாமலே கேட்டான்: "தாத்தா, நெசமாவே பெனால்டியா அது?"

ஜீப் அமைதியானது. அவர் பதிலுக்கு அவசரப்படவில்லை. அவருடைய விடையை அவர் அணிப்பற்று என்று எடுத்துக்கொள்ளவும், வேறு விதமாகச் சொன்னால் உறவுப்பற்று என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருந்தது. "ஆமாய்யா. பந்து போனதுக்கப்பறம்தான் ஒன் காலு போச்சு. அரை அடி முன்னாடி நின்னுருந்தா பந்து ஒனக்கு" என்றார். பேரன் தலையசைத்தான். "முன்னாடி நின்னா அவன் உள்ள வெட்டிருவானே?" "வெட்ட மாட்டான். எடது கால்க்காரன். வெளியதான் போவான். நானும் அப்பிடித்தான் போவேன்." அதன்பின் வீடுவரை இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தனர். நடுவரைத் திட்டியவர்களும் சிறிது நேரத்தில் கேட்கத் தொடங்கினர்.

இரவு உணவுக்குப் பின் மகள் தன் கணக்கைச் சொன்னாள். ஓய்வுக்கு அவளுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள். கணவர் இறந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போக விரும்புகிறான். போனால் நான்காண்டுகளில் இந்த லயமும் போகும். தோட்டத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் வீடு நிற்கும், அணியில் இடமும் நிற்கும். "நீங்க என்னாப்பா சொல்றீக?" என்று கேட்டாள். தம் மகனிடம் கேட்காமல் விட்டதைத் தம் பேரனிடம் கேட்கச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. "படிக்கட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "போடில ஒரு ரூமு இழுத்துக் கட்டலாம்" என்றார். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை மூணாற்றில் பேருந்து ஏறினார். நடத்துநர் மலையாளத்தில், "எங்ஙோட்டா?" என்று கேட்டார்.

"ஊருக்கு" என்றார் முதியவர்.

நடத்துநர் சீட்டுக் கருவியின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார். பின்னால் மூவர் நின்றனர்.

"போடி ஒண்ணு."